போய், வா

நான் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியதற்கு மெஸ்ஸிதான் காரணம். இதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. 2022 டிசெம்பர், உலகக் கிண்ணக் கால் இறுதிப் போட்டி. ஆர்ஜென்டினா நெதர்லாந்தைப் பெனால்டியில் வென்று முடிக்க எங்கட நேரத்துக்கு விடியச் சாமம் ஆகிவிட்டது. ஆட்டம் முடிந்து தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டு நின்ற மெஸ்ஸி, திடீரென்று அங்கால நின்ற நெதர்லாந்து வீரர் ஒருவரைப் பார்த்து ஏதோ சொன்னார். ‘என்னடா பாக்கிறாய் மொக்கா, அங்கால போ’ என்பதுதான் அதன் சாரம். அடுத்த நாள் வட்ஸ்அப் முழுக்க அந்த வீடியோதான். எங்கட ஒழுங்கைப் பொடியள் அர்த்தம் தெரியாமலே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாங்கள்.

அதில் ஒரு சொல் என் காதில் ஒட்டிக்கொண்டது. ‘அந்தா’. ‘அந்தா, மாடு வேலிக்குள்ள வருது’ என்று அம்மம்மா முற்றத்தில் நின்று கத்துவாவே, சத்தத்தில் அதே அந்தா. தேடிப் பார்த்தேன். ஆர்ஜென்டினாக்காரர் ‘போ’ என்று ஒருவரை ஏவும்போது சொல்கிற சொல் அது. ஆனால் ‘போ’ என்பதற்கான வினைச்சொல் வேறாம். அந்த வினைக்கு ஆர்ஜென்டினாவில் ஏவல் வடிவம் பாவனையில் இல்லாததால், ‘நட’ என்ற பொருளுள்ள இன்னொரு வினையிடம் கடன் வாங்கிச் சொல்கிறார்களாம். ‘போ’ என்று சொல்ல ஒரு மொழியில் சொல் தட்டுப்பாடோ? எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது. ஏ/எல் முடித்து கம்பஸ் கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருந்த காலம். கையில் நேரம்தான் நிறைய இருந்தது. 120 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

முதல் பக்கத்தில் எழுதிய வினை ‘இர்’. போ. எல்லாப் புத்தகமும் இதை ஒழுங்கற்ற வினை என்றுதான் அறிமுகப்படுத்தும். பிள்ளைகளைப்போல வினைகளிலும் சொல்வழி கேட்பவை, கேளாதவை என்று இரண்டு வகை. சொல்வழி கேட்கிற வினைக்கு ஒரு அடி இருக்கும். நான், நீ, அவன் என்று ஆளுக்கேற்ற வாலை ஒட்டிவிட்டால் போதும். இர் கேளாது. நிகழ்காலம் இப்படிப் போகும்:

போய்: நான் போறன்
பாஸ்: நீ போறாய்
பா: அவன் போறான், அவள் போறாள்
பாமோஸ்: நாங்கள் போறம்
பான்: அவை போகினம்

ஸ்பானிஷில் ‘வி’ எழுத்துக்கும் ‘பி’ எழுத்துக்கும் ஒரே சத்தம். அதனால் வி போட்டு எழுதி, ‘போய்’ என்று வாசிக்கவேண்டும். நான் கொப்பியில் தமிழில் ‘போய்’ என்று எழுதிவிட்டு, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். போறன் என்பதற்கு அவர்கள் போய் என்கிறார்கள்! அடுத்த வரிகளில் இன்னும் விளையாட்டு. ‘அவன் போறான்’ என்பதை எழுத்துக் கூட்டி வாசித்தால் ‘வா’ என்று வரும். போறதுக்கு வா. வினையின் பெயரோ இர். எங்கட காதுக்கு ‘இரு’ என்று விழும். போ என்பதற்கு ஒரு மொழி இரு என்றும் வா என்றும் போய் என்றும் சொல்லுமென்றால், அதைப் படிக்காமல் விடலாமா? இதெல்லாம் தற்செயல்தான். இரண்டு மொழிக்கும் உறவு ஒன்றும் இல்லை. ஆனால் மனப்பாடம் பண்ணுகிறவளுக்குத் தற்செயலும் உதவிதான்.

ஏன் இந்த வினை இப்படி? விடை லத்தீனில் இருக்கிறது. இர் உண்மையில் ஒரு வினை இல்லை, மூன்று வினைகளின் கூட்டுக் குடும்பம். இர், எதிர்காலத்து இரே, பழைய பழக்கத்தைச் சொல்லும் இபா எல்லாம் ஒரு லத்தீன் வினையில் இருந்து வந்தவை. போய், பாஸ், பா இன்னொன்றில் இருந்து. நடந்து முடிந்ததைச் சொல்லும் வடிவங்களோ மூன்றாவது ஒன்றில் இருந்து. அந்த மூன்றாவது, போகிற வினையே இல்லை. ‘இருக்கிற’ வினை. தேய்ந்துபோன சட்டைக்கு வேறு சட்டைத் துணியில் ஒட்டுப் போட்டதைப்போல, போறதின் இறந்தகாலத்துக்கு இருக்கிறதின் இறந்தகாலத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அடிக்கடி புழங்குகிற வினைகள்தான் இப்படி ஒழுங்கில்லாமல் நிலைக்குமாம். அரிதாகப் பாவிக்கிற சொல்லைச் சனம் மறந்து, ஒழுங்கான வடிவத்துக்கு மாற்றிவிடும். நாளுக்கு நூறு தடவை சொல்கிற சொல்லைத் திருத்த ஒருத்தராலும் ஏலாது.

விளைவு என்னவென்றால், ‘ஃபுய்’ என்றால் நான் போனேன். நான் இருந்தேன் என்றாலும் ஃபுய்தான். ‘ஃபுவே’ என்றால் அவர் போனார், அல்லது அவர் ஒருவராக இருந்தார். எது என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் அறியவேண்டும். பின்னால் ஓர் இடம் வந்தால் போனார்: ஃபுவே, கடற்கரைக்கு. பின்னால் ஒரு தொழிலோ உறவோ வந்தால் இருந்தார்: ஃபுவே, மீனவர். தனியாக ‘ஃபுவே’ என்று மட்டும் ஒருவர் சொல்லிவிட்டு நிறுத்தினால், போனாரா இருந்தாரா என்பது கேட்கிறவர் பாடு.

இதை முதன்முதல் படித்த இரவு கொப்பியை மூடிவைத்தேன். எனக்கு எங்கட மாமாவின் ஞாபகம் வந்தது.

*

மாமா அம்மாவின் தம்பி. அம்மம்மாவுக்கு ஒரே ஆம்பிளைப் பிள்ளை. 2007ஆம் ஆண்டு ஒரு பின்னேரம் வலைக்கு நூல் வாங்கவென்று சைக்கிளில் வெளிக்கிட்டவர். ஊரடங்குக்கு முதல் வந்திடுவன் என்று சொல்லியிருக்கிறார். எங்கட வீட்டில் ஒருவரும் படலை தாண்டும்போது ‘போறன்’ என்று சொல்லமாட்டோம். ‘போட்டு வாறன்’ என்றுதான். மாமாவும் அதைத்தான் சொன்னார். எனக்கு அப்போது நாலு வயது. அவருடைய முகம் எனக்குப் படத்தில் பார்த்த முகம்தான். சைக்கிள் மணிச் சத்தம் ஒன்று ஞாபகம் இருக்கிறமாதிரி இருக்கும். அதுவும் மற்றவை சொல்லிச் சொல்லி வந்த ஞாபகமோ தெரியாது.

ஸ்பானிஷ் தொடங்கி ஒரு வருசத்துக்குப் பிறகு, இணையத்தில் ஒரு ரீச்சர் கிடைத்தா. ஆர்ஜென்டினாக்காரி, அம்மாவின் வயது இருக்கும். கிழமையில் ஒரு நாள், அவவுக்குக் காலை, எனக்கு இரவு. அவவிடம்தான் ஆர்ஜென்டினாச் சத்தங்கள் பழகினேன். மற்ற நாட்டவர் ‘ய’ என்று சொல்கிற இடத்தில் புவனோஸ் அயர்ஸ் பக்கத்தவர் ‘ஷ’ என்பார்கள். ‘போகட்டும்’ என்பதற்கான ‘பாயா’ அவவின் வாயில் ‘பாஷா’ ஆகும். ரஜினியின் படம் ஒன்றை விளக்கப் போய் அன்றைய வகுப்பு அரைமணித்தியாலம் அதிலேயே போனது.

ஒரு நாள் வீட்டுவேலை தந்தா. குடும்பத்தில் ஒருவரைப் பற்றி ஒரு பந்தி எழுதவேணும். இர் என்ற வினை குறைந்தது எட்டு இடத்தில் வரவேணும், நாலு காலத்திலும் வரவேணும். எல்லாரும் அம்மாவைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ எழுதுவார்கள். நான் மாமாவைத் தெரிவு செய்தேன். காரணம் ரொம்பச் சின்னது: எங்கட வீட்டில் ‘போ’ என்ற வினையோடு அதிகம் கதைக்கப்படுகிற ஆள் அவர்தான்.

அம்மம்மாவிடம் போய், ‘மாமாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ அம்மம்மா, நான் எழுதவேணும்’ என்றேன். அவ வெத்திலையை மடித்துக்கொண்டே சொன்னா:

‘அவன் பின்னேரம் எண்டா கடற்கரைக்குப் போவான், பிள்ளை. போய் வாடியில இருந்து கதைப்பான். தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டான், பனங்கட்டிதான் கடிப்பான்.’

மூன்று சின்ன வசனங்கள். மேசையில் இருந்து மொழிபெயர்க்கத் தொடங்கினேன். முதல் வினையிலேயே நின்றுவிட்டேன்.

போவான். இதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது?

அம்மம்மா ஒரு பழக்கத்தைச் சொல்கிறா. பழக்கம் இப்போதும் இருந்தால் நிகழ்காலம்: பா. முந்தி இருந்து, இப்போது இல்லாத பழக்கம் என்றால் இபா. இனிமேல்தான் போவான் என்றால் எதிர்காலம்: இரா. ஸ்பானிஷில் இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்க இடமில்லை. வினையைத் தொட்ட உடனேயே நீங்கள் ஏதாவது ஒரு பக்கம் விழுந்துவிடுவீர்கள்.

தமிழிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் போவான் எதிர்காலம் என்று படித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ‘நாளைக்குப் போவான்’ என்கிறோம். ‘அவன் ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போவான்’ என்கிறோம், அது இன்றைக்கும் நடக்கிற பழக்கம். ‘சின்னனில நானும் அவனும் ஒரே சைக்கிள்ல பள்ளிக்கூடம் போவம்’ என்றும் சொல்கிறோம். முப்பது வருசத்துக்கு முந்தின கதை அது. மூன்றுக்கும் ஒரே வடிவம். நடந்ததா, நடக்கிறதா, நடக்கப்போகிறதா என்று அந்த வினை சொல்லாது. பக்கத்தில் இருக்கிற ‘நாளைக்கு’, ‘சின்னனில’ என்ற சொற்கள்தான் சொல்லும். அம்மம்மாவின் வசனத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. ‘முந்தி’ என்று அவ சொல்லவில்லை. ‘இப்ப’ என்றும் சொல்லவில்லை. ‘பின்னேரம் எண்டா’ என்று மட்டும்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருசமும் அம்மம்மா மாமாவைப் பற்றி இந்த ஒரு வடிவத்தில் மட்டும்தான் கதைத்திருக்கிறா. போவான், கடிப்பான், சிரிப்பான், கோவிப்பான். ‘போனான்’ என்று அவ சொல்லி நான் கேட்டதேயில்லை. அவ யோசித்துச் செய்கிறாவா, தானாக வருகிறதா, எனக்குத் தெரியாது. ஆனால் தமிழ் அவவுக்கு ஒரு திண்ணை மாதிரி இடம் கொடுத்திருக்கிறது. வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, தெருவிலும் இல்லை. அதில்தான் மாமாவை இருத்தி வைத்திருக்கிறா.

அந்தத் திண்ணையை நான் எந்தச் சொல்லால் கட்டுவது? கடைசியில், இரவு பதினொரு மணிக்கு, நித்திரைக் கலக்கத்தில், ‘இபா’ என்று எழுதினேன். போய்வந்தவர். முந்தி. இலக்கணப்படி எல்லாம் சரி. ஆனால் அம்மம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த நாள் காலமை தேத்தண்ணி குடித்தேன்.

*

வகுப்பில் ரீச்சர் பந்தியை வாசித்தா. சொற்களின் மேல் வருகிற அழுத்தக்குறி இரண்டு பிழை. பிறகு கேட்டா: ‘மாமா பின்னேரங்களில் கடற்கரைக்குப் போய்வந்தவர் என்று எழுதியிருக்கிறீர். இப்போது போவதில்லையா? ஊர் மாறிவிட்டாரா?’

எனக்கு அதற்கு ஸ்பானிஷில் பதில் இல்லை. தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னேன்: 2007இல் ஒரு நாள் வெளியில் போனார். வரவில்லை. எங்கே என்று தெரியாது. அம்மம்மா காத்திருக்கிறா.

ரீச்சர் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ‘இதைச் சொல்ல எங்கள் நாட்டில் ஒரு வினை இருக்கிறது’ என்றா. அதைப் பெட்டிக்குள் எழுதி அனுப்பினா. தெசாபரேசெர். மறை, காணாமல் போ. இதுவும் ஒழுங்கற்ற வினைதான். ‘நான்’ என்று வரும்போது நடுவில் ஒரு ‘க’ சத்தம் நுழையும்: தெசாபரேஸ்கோ. ஆனால் அவ சொல்ல வந்த ஒழுங்கின்மை அதுவல்ல. அந்த வினை செயப்படுபொருள் கேளாதது. சூரியன் மறையும், சாவி காணாமல் போகும். தானாக நடக்கிற காரியம். 1976இல் ஆர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, ஆயிரக்கணக்கான ஆட்களைக் கொண்டுபோனார்கள். அவர்களைப் பற்றிக் கதைக்கிற சனம் அந்த வினையையே திருப்பிப் போட்டது: ‘அவனை மறைந்தார்கள்’ என்று. இலக்கணப்படி பார்த்தால் காதில் இடறுகிற வசனம். ஆனால் அதில் செய்தவர் என்று ஓர் எழுவாய் வந்துவிட்டது. இன்றைக்கு அகராதியிலும் அந்தப் பொருள் ஏறியிருக்கிறது.

எனக்கு உடனே எங்கட சொல் ஞாபகம் வந்தது. முதலில் எல்லாரும் ‘காணாமல் போனோர்’ என்றுதான் சொன்னோம். அதிலும் இருக்கிறது எங்கட ‘போ’. தாங்களாகப் போனமாதிரி. பிறகு அம்மாமார் தெருவில் இருந்து, ‘அவை போகேல்லை, ஆக்கப்பட்டவை’ என்று சொல்லத் தொடங்க, ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று பதாகைகள் மாறின. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தின் பந்தலுக்கு ஒருமுறை அம்மம்மாவோடு நானும் போனேன். போ என்ற வினையை எடுத்துவிட்டு ஆக்கு என்ற வினையை வைக்க, தாய்மார் வெயிலில் இருக்கவேண்டி இருந்தது. அதை அன்றைக்கு நான் இலக்கணமாகப் பார்க்கவில்லை.

ரீச்சர் இன்னும் ஒன்று சொன்னா. ஸ்பானிஷில் ‘இரு’ என்பதற்கு இரண்டு வினைகள். ஒன்று செர், மற்றது எஸ்தார். ஒரு நிலையை மட்டும் சொல்ல எஸ்தார் போதும்: கதவு பூட்டியிருக்கிறது, கடை திறந்திருக்கிறது. யார் பூட்டினது என்ற கேள்வி அதில் எழாது. செர் போட்டால் செய்யப்பட்டது என்று வரும்: கதவு பூட்டப்பட்டது. உடனே கேட்பவர் ‘ஆராலை?’ என்று கேட்கலாம். 1979 டிசெம்பரில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்றில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டபோது, இராணுவ ஆட்சித் தலைவர் விதேலா, அப்படிப்பட்டவர் உயிரோடும் இல்லை, செத்தும் இல்லை, காணாமல் போயிருக்கிறார் என்ற பொருள்படப் பதில் சொன்னார். அவர் போட்ட வினை எஸ்தார். ‘அந்த வினையைத்தான் எங்களுக்குத் தந்தான்’ என்றா ரீச்சர். செர் போட்டிருந்தால் இறந்தகாலத்தில் ‘ஃபுவே’ என்று வந்திருக்கும். என்னுடைய அதே ஃபுவே. போனார், இருந்தார், இப்போது மூன்றாவதாக, ஆக்கப்பட்டார்.

1977 ஏப்ரல் 30ஆம் திகதி, பதினாலு தாய்மார் புவனோஸ் அயர்ஸில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் உள்ள மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கத் தடை. ‘நில்லாதேங்கோ, நடவுங்கோ’ என்று பொலிஸ்காரர் விரட்ட, அவர்கள் இரண்டு இரண்டு பேராகக் கை கோத்து அந்தச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். பிறகு அது ஒவ்வொரு வியாழக்கிழமையும் நடக்கும் வழக்கம் ஆனது. வெள்ளைத் தலைத்துணி கட்டிய அந்த அம்மாமாரைப் படங்களில் நீங்களும் கண்டிருப்பீர்கள்.

*

அந்த நேரம் வீட்டில் இன்னொரு பிரச்சினையும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கட வளவில் பாதிக் காணி மாமாவின் பெயரில். அக்காவின் கலியாணத்துக்கு அதை என்ன செய்வது என்று கதை வந்தது. இலங்கையில் 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்கிற ஒரு சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தது. அதை எடுப்போம் என்பது அம்மாவின் நிலை. ‘அவன் வந்து, ஏன் எடுத்தனீங்கள் எண்டு கேட்டா நான் என்ன சொல்லுவன்?’ என்பது அம்மம்மாவின் நிலை. இரண்டு பேரும் ஒரே குசினிக்குள் கதைக்காமல் சமைத்த கிழமை அது.

அம்மா என்னிடம் தனியாகச் சொன்னா: ‘அண்டைக்கு நான்தான் அவனை நூல் வாங்க அனுப்பினது. அவன் அண்டைக்குப் போகாமல் இருந்திருந்தா...’

அம்மா அதை முடிக்கவில்லை. அவ மாமாவைப் பற்றி அதிகம் கதைக்காத காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்பானிஷில் ஒஹலா என்று ஒரு சொல் இருக்கிறது. அரபியில் இருந்து வந்தது. கடவுள் விரும்பினால் என்ற பொருளில் இருந்து பிறந்தது. அதற்குப் பின்னால் வருகிற வினை சாதாரண வடிவத்தில் வராது. உண்மையைச் சொல்ல ஒரு வரிசை வடிவங்கள், விருப்பம், சந்தேகம், இன்னும் நடக்காதது இவற்றுக்கு இன்னொரு வரிசை. இதைத்தான் காலம் அல்ல, பாங்கு என்று இலக்கணக்காரர் சொல்வார்கள். ஒஹலா பாயா என்றால் ‘போனால் நல்லது’, நடக்கலாம். ஒஹலா ஃபுவேரா என்றால் ‘போனால் எவ்வளவு நல்லது’, நடக்கும் என்ற நம்பிக்கை குறைவு. ஒஹலா உபியேரா இதோ என்றால் ‘போயிருந்தால்’, எல்லாம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாது. ஒரே விருப்பம் மூன்று படி இறங்குகிறது. அம்மா கடைசிப் படியில் பதினாறு வருசமாக நிற்கிறா. ‘போகாமல் இருந்திருந்தா.’

அம்மம்மா எந்தப் படியில்? அவ படியில் கால் வைக்கவே இல்லை. ‘வந்தா’ என்றுகூட அவ சொல்லுவது மேலே அந்தச் சண்டையில்தான் முதல்தரம் கேட்டேன். மற்ற நேரமெல்லாம் ‘அவன் வரேக்க’ என்பா. ‘அவன் வரேக்க இந்தக் கதவைத் திருத்தவேணும்.’ ‘அவன் வரேக்க அந்தச் சைக்கிள் கறள் பிடிச்சிருந்தா ஏசுவான்.’ அந்தச் சைக்கிள் மாமாவோடு போனது. இப்போது வீட்டில் நிற்கிறது அப்பாவின் பழையது.

ரீச்சரிடம் கேட்டேன்: ‘அவர் வரேக்க’ என்று எப்படிச் சொல்வது? ‘குவாந்தோ பெங்கா’ என்றா. குவாந்தோ என்றால் எப்போது. பெங்கா, வா என்ற வினையின் அந்த இரண்டாவது வரிசை வடிவம். வந்து முடிந்த கதை என்றால் ‘குவாந்தோ பினோ’ என்று சாதாரண இறந்தகாலம் வரும். வழக்கமாக வருகிறவர் என்றால் ‘குவாந்தோ பியேனே’. இனிமேல் வரவேண்டிய வரவு என்றால் கட்டாயம் பெங்காதான். நாளைக்கு வரப்போகிற தபால்காரருக்கும் இதே வடிவம்தான் என்றா.

‘அப்ப, இதில் சந்தேகம் இல்லையா?’ என்று கேட்டேன்.

‘ஐமிச்சம் சொல்லவேணும் என்றால் சி போடவேணும், அது என்றால் என்று வரும். சி பெங்கா என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், அது பிழை. பெங்கா குவாந்தோவுக்குப் பின்னால்தான் வரும். இன்னும் நடக்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்லுது. நடக்காது என்று சொல்லேல்லை.’

நான் அதைக் கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். வருவார் என்று அடித்துச் சொல்லாமல், வரமாட்டார் என்றும் சொல்லாமல், பொய் இல்லாமல் சொல்ல ஒரு வடிவம். அம்மம்மாவின் திண்ணைக்கு ஸ்பானிஷில் இடம் இருந்தது. நான் காலத்துக்குள் தேடிக்கொண்டு இருந்திருக்கிறேன், அது பாங்குக்குள் இருந்தது.

ஆர்ஜென்டினாவிலும் 1994இல் ஒரு சட்டம் வந்ததாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களை இறந்தவர்கள் என்று பதியாமல், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டதால் ‘வரவில்லை’ என்று பதியும் சட்டம். பள்ளிக்கூட இடாப்பில் போடுகிற அதே வரவில்லைதான். இடாப்பில் வரவில்லை என்று போட்டால், பெயர் இன்னும் இடாப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

இதை அம்மம்மாவிடம் சொன்னேன். சான்றிதழ் எடுக்கச் சொல்லி அல்ல. நான் படித்ததைச் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, ‘எங்கடையில என்ன எழுதுவினம்?’ என்றா. செத்தது என்று எழுதமாட்டார்கள், காணவில்லை என்றுதான் எழுதுவார்கள் என்றேன். ‘காணேல்லை எண்டது உண்மைதானே’ என்றா. பிறகு நெடுநேரம் பாக்கு வெட்டினா.

இரண்டு கிழமை கழித்து, படிவத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னா. ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ‘ம்’ கொட்டினா. கையெழுத்து வைத்தா. வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னா: ‘நூல் இல்லாட்டியும் அவன் அண்டைக்குச் சந்திக்குப் போயிருப்பான். பின்னேரம் எண்டா அவன் வீட்டில நிக்கமாட்டானே.’

அம்மா குசினிக்குள் போய்விட்டா. நானும் பின்னால் போகவில்லை.

எனக்குக் கம்பஸ் கிடைத்து ஊரை விட்டு வெளிக்கிடுகிற அன்று காலமை, அம்மம்மா படலை வரைக்கும் வந்தா. ‘உந்தப் பாஷையில போட்டு வாறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?’ என்று கேட்டா. போட்டு வாறன் என்று ஒரு சொல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ரீச்சர் வகுப்பு நடுவில் அடுப்பை நிற்பாட்ட எழும்பும்போதெல்லாம் சொல்கிற சொல் ஞாபகம் வந்தது. ‘ஷா பெங்கோ.’ இந்தா வாறன். எழும்பிப் போகும்போதுதான் அதைச் சொல்வா.

‘போகேக்க, வாறன் எண்டுதான் சொல்லுவினம் அம்மம்மா’ என்றேன்.

‘அப்ப அவையும் எங்கட ஆக்கள்தான்’ என்றா. ‘சரி, பஸ் போகப்போகுது. சொல்லிப்போட்டு வெளிக்கிடு.’

சொல்லிப்போட்டு வெளிக்கிட்டேன்.